ஐந்து பேரும் உள்ளேன் ஐயா

கொட்டாம்பாறை அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல், கணினிப் பயன்பாடுகள் பிரிவில் மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு புத்தகப் பை, ஒரு குடை, ஒரு ஜோடி செருப்பு. மூன்றும் நிர்மலாவுடையவை.

பதினொன்றரை மணிக்குப் பிரவீன்குமார் சார் வருவார். தியாகதுருகத்தில் ஏழு மணிக்குப் பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சியில் மாறி, மலைப்பாதை வளைவெல்லாம் சுற்றி வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து ஏதாவது ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் இங்கே மூன்று பீரியட் முடிந்திருக்கும். வாரத்தில் மூன்று நாள்தான் வருகை. பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுக்கிற சம்பளத்துக்கு மூன்று நாளே ஜாஸ்தி என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஜீப்பை விட்டு இறங்கும்போது அவர் முகம் சொல்லும். வந்ததும் நாற்காலியைத் துடைப்பார். வருகைப் பதிவேட்டைத் திறப்பார். பெஞ்சுகளை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்ப்பார், ஏதோ நிறைந்திருப்பது போல.

"தமிழழகன்."

"உள்ளேன் ஐயா," என்பாள் நிர்மலா, மூக்கடைத்த குரலில்.

"பாவாடை."

பாவாடை என்பது இந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வைக்கிற பேர். அவனுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு கட்டைக் குரல் எடுக்க வேண்டும். கொஞ்சம் தூக்கக் கலக்கமும் சேர்த்தால் பொருந்தும். "உள்ளேன் ஐயா."

"கண்ணகி."

"உள்ளேன் ஐ...யா." கண்ணகி ஐயாவை மட்டும் இழுப்பாள், கிணற்றிலிருந்து வாளி இழுக்கிற மாதிரி.

"தனுஷா."

"ள்ளேன்யா."

"நிர்மலா."

இதற்குள் தொண்டை வறண்டிருக்கும். சொந்தக் குரல் பெரும்பாலும் வெறும் காற்றாகத்தான் வரும். சார் அதையும் ஏற்றுக்கொண்டு ஒரு கோடு போடுவார்.

முதல் நாளே நிர்மலா கேட்டாள். "சார், நீங்களே அஞ்சு கோடு போட்டுக்கினா ஆவாதா? நா எதுக்குக் கத்தணும்?"

"பதில் வராம கோடு போட்டா அது பொய்க் கணக்கும்மா," என்றார் சார், மனம் நொந்தவராக. "எனக்கு ஒரு குரல் கேக்கணும். கேட்டா போடுவேன். யாரு குரலுன்னு ஆராய்ச்சி பண்றது என் வேல இல்ல."

போன ஏப்ரலில் ஐந்து பேரும் ஐந்து உடம்பாகத்தான் இருந்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள் மேஸ்திரியின் வேன் ஊருக்கு வந்தது. திருப்பூர் பக்கம் நூல் மில், லீவுக்கு ஒரு மாசம், கை நிறையக் காசு, திரும்பும்போது ஆளுக்கு ஒரு செல்போன். பாவாடையும் தமிழழகனும் ஓடிப்போய் ஜன்னல் சீட்டைப் பிடித்தார்கள். கண்ணகியும் தனுஷாவும் மூட்டையோடு ஏறினார்கள். நிர்மலாவும் ஏறியிருப்பாள். அவளுக்கு அன்றைக்கு டைபாய்டு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றவளை மேஸ்திரி பார்த்துவிட்டு, "இது வேணாம், மத்ததுக்கும் ஒட்டிக்கும்" என்றார். படிப்பின் மேல் அவளுக்கு உள்ள ஆர்வத்தைப் பற்றித் தலைமையாசிரியர் பின்னால் ஒரு கூட்டத்தில் பேசினார். அதில் டைபாய்டைக் குறிப்பிடவில்லை.

ஜூன் வந்தது. காய்ச்சல் போய்விட்டிருந்தது, வகுப்பும் போய்விட்டிருந்தது. ஒரு மாசம் என்றது ஆறு மாசமாகிப் பொங்கல் வரைக்கும் என்று ஆனது.

தலைமையாசிரியர் சுப்புராயன் ஒரு சுற்றறிக்கையைக் காட்டினார். ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள பிரிவு தொடரப்படாது என்று அதில் இருந்தது. பிரிவு போனால் பிரவீன்குமார் சாரும் போவார். நிர்மலா பாதியில் சயின்ஸுக்குத் தாவித் தவளையை அறுக்க முடியாது. கள்ளக்குறிச்சியில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்க அப்பா வேடியப்பனுக்கு வழியில்லை. அவர் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "குரூப்ப மூடிட்டாங்கன்னா இன்னா, திருப்பூரு இருக்குது. அடுத்த வேன்ல ஏறிக்க."

ஆக, குரூப் இருந்தால் பரீட்சை, மூடினால் வேன். அதனால்தான் ஐந்து குரல்.

குரலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எப்போது வேண்டுமானாலும் ஆய்வுக்கு ஆள் வரலாம், ஐந்து பேருடைய நோட்டும் தயாராக இருக்கட்டும் என்றார் சார். போன வருஷத்து நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிர்மலா எழுதப் பழகினாள். தமிழழகனின் எழுத்து காற்றில் சாய்ந்த சோளம். தனுஷா தலைப்புக்கெல்லாம் இரண்டு கலரில் அடிக்கோடு போடுவாள். பாவாடை பாதிப் பக்கத்தில் பாடத்தை நிறுத்திவிட்டு மோட்டார் பைக் வரைவான். அந்த பைக்குக்குச் சைலன்சர் வரைய அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது. கண்ணகியின் எழுத்துக்கு மட்டும் பழக வேண்டியிருக்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கண்ணகி மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் குட்டி வட்டம் போடுவாள். அந்த வட்டங்களைப் போடும்போது நிர்மலாவின் கை தானாக மெதுவாகிவிடும்.

யூனிட் டெஸ்ட்டும் ஐந்து பேருக்கும் அவளே எழுதினாள். சார் விடைத்தாள் கட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "திருத்தறதையும் நீயே செஞ்சிரு, உனக்குத்தான் யாருக்கு இன்னா வரும்னு தெரியும்" என்றார். பாவாடைக்கு இருபத்தைந்துக்குப் பதினொன்று போட்டாள். அவனுக்குத் திடீரென்று அறிவு வந்தால் ஊரே சந்தேகப்படும். கண்ணகிக்குத் தன்னைவிட இரண்டு மார்க் கூடப் போட்டாள். எப்போதும் அப்படித்தான் இருந்தது, அதை மாற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

மதியம் சயின்ஸ் பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் புங்கமரத்தடியில் கூட்டமாக உட்காருவார்கள். நிர்மலா தட்டோடு கடந்தால் யாராவது, "டேய், காமர்ஸ் போவுது பாரு" என்பார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. ஒரு பிரிவு முழுசாக எழுந்து சத்துணவு வாங்கப் போவது பார்க்க வேடிக்கைதானே. அவள் கம்ப்யூட்டர் அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். பதினோரு கம்ப்யூட்டர்களில் நான்கு உயிரோடு இருந்தன. அவற்றையும் தினம் ஒருமுறை போட்டு அணைக்காவிட்டால் மலை ஈரத்தில் செத்துவிடும் என்பதால், நான்கையும் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவாள். நாலும் உறுமிக்கொண்டிருக்கும். அது ஒரு மாதிரி ஆள் நடமாட்டம்.

அக்டோபரில் சந்தையிடுகைப் பாடம் வந்தது. ஆளுக்கு ஒரு பொருளை எடுத்து அதை எப்படி விற்பது என்று திட்டம் எழுத வேண்டும். தமிழழகன் சாமை அரிசியை எடுத்துக்கொண்டான். தனுஷா கடுக்காய்ப் பொடி. பாவாடை செகண்ட் ஹேண்ட் பைக். ஒன்றரைப் பக்கத்தில் முடித்தான். நிர்மலாவும் கண்ணகியும் ஒரே திட்டத்தை எடுத்தார்கள், இரண்டு பேரும் பத்தாவதிலேயே பேசி வைத்தது: வெள்ளிமலையில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, பட்டா எடுக்க, ஒரு ஜெராக்ஸ் போட என்று மலை முழுக்க ஜனம் வரிசையில் நிற்கிறது, வாடிக்கையாளருக்குப் பஞ்சமில்லை. பேரில்தான் தகராறு இருந்தது. 'கண்ணகி நிர்மலா' என்பாள் கண்ணகி, 'நிர்மலா கண்ணகி' என்பாள் நிர்மலா. நிர்மலா இப்போது கண்ணகியின் நோட்டில் கண்ணகி சொன்னபடியும் தன் நோட்டில் தான் சொன்னபடியும் எழுதினாள். பலம், பலவீனம் என்று கட்டம் போட்டு நிரப்ப வேண்டிய இடத்தில், பலம் என்பதில் நிறைய எழுதினாள். பலவீனம் என்பதில் ஒரே வரி: பங்குதாரர் ஊரில் இல்லை.

நவம்பரில் ஆய்வுக்குத் தேதி வந்துவிட்டது. வியாழக்கிழமை.

"போன் போட்டுச் சொல்லும்மா," என்றார் தலைமையாசிரியர். "ஒரே ஒரு நாள். வந்து ஒக்காந்துட்டுப் போவட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றிலிருந்து நாலு வரைக்கும்தான் மில் விடுதியில் போனைக் கையில் கொடுப்பார்கள். தண்ணி டேங்க் மேட்டில் ஏறினால் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். நிர்மலா அப்பாவின் போனோடு ஏறினாள்.

"லீவா?" என்றாள் கண்ணகி. "பொங்கலுக்கு முன்னாடி போனா புடிச்சி வெச்ச காச குடுக்க மாட்டாங்களாம்டி. பாவாடையாண்ட கேட்டேன். அவன் மிசினுக்கு எண்ண போட்டுக்கினு, 'நாந்தான் டெய்லி கிளாசுக்குப் போறனே'ன்றான்."

"அவன் நோட்டுல பைக்கு நாலாயிடிச்சின்னு சொல்லு."

கண்ணகி சிரித்தாள். பின்னாலிருந்து மில் சத்தம், நிற்காத மழை மாதிரி.

"ஏ நிர்மலா. மூடுனா மூடட்டுமே. நீ இங்க வந்துடேன். என் பக்கத்துக் கட்டிலு காலியாத்தான் கீது. ஜன்னலாண்ட."

"பரீட்ச?"

"எழுதி இன்னா பண்ணப் போற, தனியா?"

நிர்மலா கடைப் பேரில் யார் பேரை இரண்டாவதாகப் போடுவது என்பதற்குக்கூட இவ்வளவு யோசித்ததில்லை. "யோசிக்கறேன்டி," என்றாள். டேங்க் மேட்டிலிருந்து இறங்கும்போது ஜன்னலாண்ட கட்டில் கூடவே இறங்கி வந்தது.

யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்ததும் தலைமையாசிரியர் கலங்கவில்லை. பதினொன்றாம் வகுப்பு சயின்ஸிலிருந்து இரண்டு பையன், இரண்டு பெண் என்று பொறுக்கி எடுத்தார். "விஷயம் ரொம்பச் சின்னது. பேரு சொன்னா எழுந்திரிக்கணும், உள்ளேன் ஐயா சொல்லணும், ஒக்காரணும். இதுக்கு மேல கெட்டிக்காரத்தனம் காட்டுனா டி.சி.யக் குடுத்துருவேன்." ஆளுக்கொரு பேர் கொடுத்து இரண்டு நாள் ஒத்திகை நடந்தது. ஒத்திகைக்கு நிர்மலாவைக் கூப்பிடவில்லை. அவளுக்குத்தான் பாடமாயிற்றே.

வியாழக்கிழமை மூடுபனி. ஆய்வுக்கு வந்த விஜயலட்சுமி மேடம் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே மலைப்பாதையில் இரண்டு முறை வாந்தி எடுத்து முடித்திருந்தார். அதனால் மாலை வேண்டாம், காபி வேண்டாம், நேராக வகுப்புக்குப் போகலாம் என்றார். பிரவீன்குமார் சார் முதல் நாளே வந்து பள்ளியில் தங்கியிருந்தார். சட்டையின் மேல் பட்டன் வரைக்கும் போட்டிருந்தார்.

மேடம் பதிவேட்டை எடுத்துத் தானே பேர் கூப்பிட்டார்.

"தமிழழகன்."

ஒரு பையன் எழுந்தான். "உள்ளேன் ஐயா." மேடத்தைப் பார்த்து ஐயா என்றான், ஒத்திகையில் அப்படித்தான். நிர்மலாவின் மூக்கு தானாக அடைத்துக்கொண்டது.

"பாவாடை."

"உள்ளேன் ஐயா." கீச்சுக் குரல். நிர்மலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் கட்டைக் குரல் புறப்பட்டிருக்கும்.

"கண்ணகி."

இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் துள்ளி எழுந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பளிச்சென்ற குரல். "உள்ளேன் ஐயா!"

இழுக்கவில்லை. ஐயா வெட்டினாற்போல முடிந்துவிட்டது.

ஐந்து மாசமாக அந்த இடத்தில் ஒரு இழுப்பு இருந்தது. சார் வருகிற நாளெல்லாம் ஒருதரம், அரை நொடி, கண்ணகி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். இப்போது வேறு யாரோ அதில் உட்கார்ந்து இடத்தைத் தேய்த்துவிட்டாள். நிர்மலா எழுந்து நின்றாள். ஏன் எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஜன்னலாண்ட கட்டில் ஞாபகம் வந்ததா என்று பின்னால் யோசித்துப் பார்த்தாள், வந்திருக்கலாம்.

"அது கண்ணகி இல்லீங்க மேடம்."

பிரவீன்குமார் சார் மேல் பட்டனைக் கழற்றினார்.

"அப்ப கண்ணகி யாரு?" என்றார் மேடம்.

"நாந்தாங்க."

"நிர்மலான்னு ஒரு பேர் இருக்கே, அது?"

"அதுவும் நாந்தாங்க."

மேடம் பதிவேட்டில் விரலை மேலே நகர்த்தினார். "பாவாடை?"

"இன்னைக்குத்தாங்க இவன். மத்த நாள்ல நானு."

பெஞ்சில் இருந்த பாவாடை, தனக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது போல ஜன்னலைப் பார்த்தான். தலைமையாசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்திவிட்டு நோட்டுகளைக் கேட்டார். ஐந்தையும் மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். பாவாடையின் பைக்கில் நின்றார், அங்கே செருகியிருந்த டெஸ்ட் தாளையும் பார்த்தார்.

"எல்லாம் நீ எழுதினதா?"

"ஆமாங்க."

"இவனுக்கு ஏன் பதினொண்ணு?"

"அவன் அவ்ளோதாங்க படிப்பான்."

மேடம் சிரிக்கவில்லை. கண்ணகியின் நோட்டை எடுத்து, அந்த வட்டங்களைப் பார்த்தார், பக்கத்தில் நிர்மலாவின் நோட்டில் புள்ளிகளைப் பார்த்தார். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார்.

"எதுக்கு சார் இதெல்லாம்?"

தலைமையாசிரியர் ஃபைலைத் திறந்து சுற்றறிக்கையை நீட்டினார். "அஞ்சு பேருக்குக் கம்மியா இருந்தா மூடணும்னு போட்டிருக்குதுங்க. புள்ள படிப்பு கெட்டுடக் கூடாதுன்னு..."

"ரெண்டாவது பக்கம் எங்க?"

"வந்ததே இவ்ளோதாங்க."

"மெயில்ல ரெண்டு பக்கம் வந்திருக்கும். பிரிண்ட் எடுத்தது யாரு?"

எல்லோரும் பிரவீன்குமார் சாரைப் பார்த்தார்கள். அன்றைக்குப் பிரிண்டரில் காகிதம் தீர்ந்துபோனது அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் வந்தது, அதுவே போதுமான அளவு பயமாக இருந்தது, மறு பக்கத்தை யாரும் தேடவில்லை. மேடம் தன் போனில் தேடி எடுத்து வாசித்துக் காட்டினார். புதிதாக ஆரம்பிக்கிற பிரிவுக்குத்தான் ஐந்து பேர். ஏற்கெனவே சேர்ந்து படிக்கிறவர் ஒருவரே ஆனாலும், அவர் பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் பிரிவு நடக்க வேண்டும்.

ஐந்து மாசம். ஐந்து குரல். ஐந்து நோட்டு. நான்கு சைலன்சர்.

"அப்ப மூட மாட்டாங்களா?" என்றாள் நிர்மலா. அது சந்தோஷமான கேள்வியா என்று அங்கே யாருக்கும் புரியவில்லை, அவளுக்கும்.

"மாட்டாங்க. நீ படி," என்றார் மேடம். மற்ற நாலு பேரையும் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தார். ஸ்கேல் வைத்து நேராக, ஒரு பேருக்கு ஒரு கோடு. தலைமையாசிரியரும் சாரும் மூன்று நாளில் விளக்கக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றும், அந்த நாலு பேரின் வீட்டுக்குத் தலைமையாசிரியரே நடந்து போய்ப் பெற்றோரிடம் பேச வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, ஜீப்பில் முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்.

விளக்கக் கடிதத்தைத் தமிழில் டைப் அடிக்கப் பள்ளியில் ஒரே ஆள்தான் இருந்தாள். நிர்மலா அடித்துக் கொடுத்தாள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வணிகக் கடிதப் பாடத்தில் இருக்கிறபடி ஒழுங்காக. 'நடந்த தவற்றுக்கு வருந்துகிறோம்' என்ற வரியைப் புகார்க் கடிதத்துக்கான மாதிரிப் பதிலிலிருந்து எடுத்தாள். "நல்லா வந்திருக்குதும்மா," என்றார் தலைமையாசிரியர். பிரிண்டரில் இந்தத் தடவை இரண்டு பக்கமும் வந்ததா என்று சார் மூன்று முறை பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி டேங்க் மேடு.

"உன் பேர அடிச்சிட்டாங்கடி."

"ஆப்சென்ட்டு போட்டுட்டாங்களா?"

"ஆப்சென்ட்டுன்னா பேரு இருக்கணும். பேரே இல்ல."

கண்ணகி கொஞ்சம் யோசித்தாள் போல. "சரி, உடு. குரூப்பு?"

"ஒரு ஆளுக்கே நடக்குமாம்."

"அப்ப நீ வரல."

"வரல."

மில் சத்தம் அதே மழை. "நல்லதாப் போச்சி," என்றாள் கண்ணகி. "அந்தக் கட்டில்லயும் ஆளு போட்டுட்டாங்க. ஒரிசாக்காரப் பொண்ணு. அதுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அது பேசறது தெரியாது. சாயந்தரம் ரெண்டு பேரும் ஒருத்தரப் பாத்து ஒருத்தர் தலைய ஆட்டிக்கினு இருப்போம்."

"உங்களுக்கும் அட்டெண்டன்ஸ் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க. பேரு இல்ல, நம்பரு. நா நாப்பத்தி ரெண்டு. 'எஸ் மேடம்'னு சொல்லணும்."

நிர்மலா போனை மறு காதுக்கு மாற்றினாள். "கண்ணகி," என்றாள், பிரவீன்குமார் சார் மாதிரி, பெஞ்சுகளைப் பார்க்கிற மாதிரி.

"இன்னாடி?"

"அட்டெண்டன்ஸு எடுக்கறேன்டி."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. என்ன சொல்ல வேண்டும் என்று அவள் தேடி எடுக்க வேண்டியிருந்தது. "உள்ளேன் ஐயா," என்றாள் கடைசியில். சட்டென்று, இழுக்காமல்.

திங்கட்கிழமை சார் பதினொன்றரைக்கு வந்தார். நாற்காலியைத் துடைத்தார். பதிவேட்டைத் திறந்தார். பெஞ்சுகளைப் பார்க்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். நாலு சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு பேர்.

"நிர்மலா."

"உள்ளேன் ஐ...யா."

சார் நிமிர்ந்து பார்த்தார். பேனா தாளுக்கு மேலே நின்றது. யாருடைய குரல் என்று ஆராய்ச்சி பண்ணுவது அவர் வேலை இல்லை. ஒரு கோடு போட்டுவிட்டு, "எழுபத்தி மூணாம் பக்கம் எடு" என்றார்.